சொல்யூஷன் காயட்டும்

பஞ்சர் கடை எடக்கை அக்கா மயங்கி விழுந்தாள் என்று சொன்னால், அந்தப் புறவழிச் சாலையில் லாரி ஓட்டுகிற ஒருவரும் நம்ப மாட்டார். ஆனால் விழுந்தாள். அதுவும் ஜாக்கி போட்டுத் தூக்கிய லாரிக்குப் பக்கத்தில், நட்டுகளைக் கழற்றிவிட்டுப் பின்சக்கரத்தை வெளியே இழுக்கப் போன நேரத்தில். பக்கத்துப் பட்டறை வெல்டர் ஓடிவந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால், சக்கரம் அவள் மடியில்தான் வந்து உட்கார்ந்திருக்கும்.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தாள். முதலில் கேட்டது, "ஜாக்கி எறங்கிடுச்சா?"

"ஜாக்கி அப்படியேதான் நிக்குது. நீதான்க்கா எறங்கிட்ட," என்றான் வெல்டர். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். சொன்ன கையோடு வேனை எடுக்க ஓடினான்.

மருத்துவமனையில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு கொறஞ்ச ரத்தத்தை வெச்சுக்கிட்டு லாரிச் சக்கரம் கழட்டினீங்களா?"

"சக்கரத்துக்கு அதெல்லாம் தெரியாதே டாக்டர்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு வருடமாகவே மாதவிடாய் நாட்களில் ரத்தம் கொட்டுகிறது, நிற்பதே இல்லை. கடையில் கம்ப்ரஸருக்குப் பின்னால் ஒரு பையில் மாற்று உடை வைத்திருக்கிறாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதையெல்லாம் பஸ் ஓட்டும் அவள் கணவர், சீருடையைக்கூட மாற்றாமல் ஓடிவந்தவர், அங்கே நின்றுதான் முதல் தடவையாகக் கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்கிட்டகூட சொல்லல பாரு."

"சொன்னா கடையை மூடுன்னு சொல்லுவீங்க."

"இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

ஸ்கேனில் தெரிந்தது. கர்ப்பப்பையின் சுவருக்குள் சதைக்கட்டிகள். பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, பெண்கள் பலருக்கும் வருவதுதான் என்றார் டாக்டரம்மா. பிறகு, "மகன் வளந்து வெளியூருக்கே போயிட்டான்; உங்களுக்கும் நாப்பது தாண்டியாச்சு. கர்ப்பப்பையை எடுத்துடலாம். அதுதான் சுலபம். ரெண்டு மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாது, அவ்வளவுதான்," என்றார்.

"சுலபம் யாருக்குங்க?" என்று அவள் கேட்டாள். துடுக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில் அவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்ததெல்லாம் வீம்பு என்று தோன்றும்.

அந்தக் கடை அவள் மாமனாருடையது. கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு அங்கே வேலை, தொட்டியில் தண்ணீர் நிரப்புவதும் சில்லறை கொடுப்பதும்தான். மாமனாருக்கு முழங்கை விட்டுப்போனதும் கடையைப் பூட்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. அன்றைக்குக் காத்திருந்த ஒரு லாரியின் சக்கரத்தை அவள் உருட்டிவந்து கீழே சாய்த்தாள். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நெம்புகம்பியைச் செருகினாள், இடது கையால். எழுதுவது, சாப்பிடுவது தவிர மற்ற எல்லாமே அவளுக்கு இடது கைதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "எடக்கையால நெம்பினா டயர் எந்தப் பக்கம் வரும்மா?" என்று ஒருவர் கேட்டார். லாரி டிரைவர் கயிற்றுக்கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். அவர் எழுந்தபோது சிரித்தவர்கள் யாரும் அங்கே இல்லை. டயர் தனியாக, ரிம் தனியாகக் கிடந்தது. அவள் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அன்றிலிருந்து அவள் எடக்கை. கொஞ்ச நாளில் எடக்கை அக்கா. கூட்டிக் கழித்தால் பதினைந்து வருடம் அந்தச் சாலையில் அவளுக்கு வேறு பெயர் இருந்ததில்லை.

வேலையில் அவளுக்கு இரண்டு பிடிவாதம். ஒன்று, டியூபைத் தொட்டியில் அமுக்கி முதல் குமிழ் வந்தவுடன் நிறுத்த மாட்டாள். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு மிச்சச் சுற்றையும் கடைசிவரை தண்ணீரில் திருப்பிப் பார்ப்பாள். அவசரக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். இரண்டாவது, ரப்பரில் சொல்யூஷன் தடவினால் அது காயும்வரை ஒட்டுத்துண்டை வைக்க மாட்டாள். பசை ஈரமாகப் பளபளக்கும்போதே ஒட்டை அமுக்குகிறவர்கள் உண்டு. ஒட்டினது போலத்தான் இருக்கும். சூடு ஏறினதும் வழுக்கிக்கொண்டு போய்விடும். "சொல்யூஷன் காயட்டும்" என்பது அந்தக் கடையில் ஒரு நாளில் எத்தனை தடவை கேட்கும் என்று யாரும் எண்ணியதில்லை.

ஆக, முதல் ஸ்கேன், முதல் பதில், அதோடு முடிந்தது என்பது அவள் உடம்பிலேயே ஊறாத விஷயம்.

வீட்டில் அண்ணி வந்து உட்கார்ந்திருந்தாள். கணவரின் அக்கா. ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஈர விரிப்புகளோடு மல்லுக்கட்டுகிறவள். சில வருடங்களுக்கு முன்பு அவளுக்கும் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அந்த ஆபரேஷன் கதையைக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. புதிதாகக் கல்யாணமாகி வரும் மருமகள்களுக்குக் குடும்பப் புகைப்படத்தைக் காட்டுவது போல, அண்ணி தழும்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவாள்.

"எனக்கு எடுத்தாங்க. நான் நல்லா இல்லையா? நடக்கலையா? உன் புருஷனைத் திட்டலையா?"

"நல்லாத்தான் இருக்கீங்க அண்ணி. உங்களுக்குக் கட்டி பூசணிக்காய் அளவு இருந்துச்சு, வயித்தைத் தொறக்காம முடியாதுன்னாங்க. எனக்கும் அப்படித்தானான்னு யாரும் இன்னும் சொல்லலையே."

"இனிமே அது எதுக்குடி உனக்கு? வீட்டுல வேண்டாத சாமான் மாதிரி."

அவள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்துதான் சொன்னாள். "டயர்ல ஆணி ஏறினா ஆணியத்தானே புடுங்குறேன் அண்ணி? டயரைத் தூக்கி எறிஞ்சிடு, இனிமே உனக்கு எதுக்குன்னு வர்றவங்ககிட்ட சொல்றேனா? டயர் கிழிஞ்சே போச்சுன்னா மாத்தத்தான் வேணும். கிழிஞ்சுதான் போச்சான்னு மொதல்ல பாக்கணும்ல."

"இவகிட்ட பேசி ஜெயிக்க முடியாதுடா," என்று அண்ணி தம்பியிடம் சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கணவரின் கவலை வேறு. அவருக்குக் கர்ப்பப்பை இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். லாரிக்குப் பக்கத்தில் அவள் விழுந்து கிடந்த காட்சி மட்டும் போகவில்லை. அவர் கண்ணால் பார்க்காத காட்சிதான். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது என்றார். "எது வேணா பண்ணு. ஆனா ஒடம்பு சரியாகாம நீ கம்பியத் தொட்டா, நான் கடைப் பூட்டுக்குச் சாவி இல்லாம பண்ணிடுவேன்." சரி என்றாள். அது நியாயம் என்று அவளுக்கே தெரியும். மயங்கி விழுகிற கை நெம்புகம்பியைப் பிடிக்கக் கூடாது. சரியாகிவிட்டால் பிடிக்கலாம். சரியாக வேண்டும், அதுவும் கம்பி பிடிக்கிற உடம்பாகவே சரியாக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வழி, மீசையின் மணிக்கட்டில் இருந்தது.

மீசை என்பது பழைய வாடிக்கைக்காரர். சிமென்ட் லாரி ஓட்டுகிறவர். மூக்குக்குக் கீழே இருப்பதை வைத்துத்தான் பெயர். சில மாதம் ஆளையே காணோம், ஒரு நாள் அவளைப் பார்க்க வந்தார். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு இருந்ததாம். கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டில் கடுகளவு ஒரு புள்ளி.

"இது வழியாவா?"

"இது வழியாத்தான். மெல்லிசா ஒரு குழாய விட்டு, அப்படியே தோள்பட்டைக்குப் போய், அங்கேருந்து நெஞ்சுக்கு. நான் முழிச்சுக்கிட்டே டிவில பாத்தேன். நெஞ்சைப் பொளக்கப் போறாங்கன்னு நெனச்சு எம் பொண்டாட்டி அழுது வெச்ச அழுகையெல்லாம் வீணாப் போச்சு."

அவள் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரும்பு மாத்திரை வாயில் கசந்துகொண்டிருந்தது. மணிக்கட்டில் நுழைந்து நெஞ்சுக்குப் போக முடியும் என்றால் வயிற்றுக்குப் போக முடியாதா?

இதே கேள்வியை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். இந்த முறை கதவருகே நின்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனுஷி. நாள் முழுக்க நோயாளிகள் வரிசையில் நின்றால் யாருக்கும் பேச்சு சுருங்கித்தான் போகும். வழி இருக்கிறது என்றார். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு அதன் வழியாகவே கர்ப்பப்பையை எடுக்கலாம். தழும்பும் சின்னது, சீக்கிரம் தேறலாம். எடுக்காமலே செய்கிற இன்னொன்றும் உண்டு. கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயை உள்ளேயிருந்தே அடைத்துவிடுவது. "அது எல்லாருக்கும் ஒத்துவராது. நம்ம ஆஸ்பத்திரில செய்யறதும் இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அவங்க சோதிச்சுப் பாத்து முடியாதுன்னுட்டா திரும்ப என்கிட்டதான் வரணும்; வருவீங்களா?"

"முடியாதுன்னு தெரிஞ்சா வந்து படுத்துக்கறேன் டாக்டர். தெரியாம படுக்கத்தான் மனசு வரல."

பெரிய மருத்துவமனையில் இருந்தவருக்கு அவள் அன்றைக்கே குழாய் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டாள். ஒல்லியான மனிதர், அவசரமே இல்லாத குரல். அவர் சொன்னது அவளுக்கு ஒரே தடவையில் புரிந்தது. தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ ஊசி போட்டு, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விடுவார்கள். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே கர்ப்பப்பைக்குப் போகிற கிளைவரை கொண்டுபோவார்கள். அங்கே மணல் போன்ற பொடி உருண்டைகளை விடுவார்கள். அவை போய் அடைத்துக்கொள்ளும். தீனி இல்லாமல் கட்டி மெல்ல மெல்லச் சுருங்கும்.

"நான் ஓட்டையை அடைச்சு டயரை வீங்க வெக்கிறேன். நீங்க குழாயை அடைச்சு கட்டியைச் சுருங்க வெக்கிறீங்க," என்றாள்.

குழாய் டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொழில் ஒண்ணுதான், பக்கம்தான் வேற," என்றார்.

"எத்தனை வருஷம் தாங்கும்?"

"நெறையப் பேருக்கு நல்லாவே தாங்குது. சிலருக்கு மறுபடி வரலாம். அப்ப திரும்பச் செய்யணும், இல்ல எடுக்கத்தான் வேணும். இன்னொரு குழந்தை வேணும்னு நெனைக்கிறவங்களுக்கு இதை நான் முதல்ல சொல்ல மாட்டேன். வலி இருக்கும். அதையும் மறைக்கல."

அவளுக்கு அந்த இடத்தில்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது. ஆயுசுக்கும் தாங்கும் என்று சொல்லிப் பஞ்சர் ஒட்டுகிறவனை அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஒட்டையும் பார்த்திருக்கிறாள்.

ஆனால் அவர் உடனே தேதி கொடுக்கவில்லை. கட்டிகள் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பெரிய ஸ்கேன். கர்ப்பப்பையின் உள் தோலில் ஒரு துளி எடுத்து, வேறு கெட்டது ஒன்றும் இல்லை என்று பரிசோதனை. ரத்தம் ஏற வேண்டும் என்பதற்காக நரம்பு வழியாக இரும்புச்சத்து. அண்ணி பொறுமை இழந்தாள். "அறுக்கறதா இருந்தா இந்நேரம் அறுத்து, தச்சு, தையலும் பிரிச்சிருப்பாங்க."

"சுத்து முழுசும் பாக்கறாங்க அண்ணி. பாக்கட்டும்." சொன்னாளே தவிர, பரிசோதனை முடிவுக்காக நீலச் சாயம் பூசிய காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது இடது கை விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டேதான் இருந்தன. ஒத்துவராது என்று சொல்லிவிட்டால்? வந்து படுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் அவள் தயாராகத்தான் இருந்தாள்.

ஒத்துவரும் என்றார்கள்.

குழாய் விடுகிற அன்று காலை நர்ஸ் அவள் இடது மணிக்கட்டைத் துடைக்க வந்தாள். பெரும்பாலும் அந்தக் கையில்தான் போடுவது வழக்கமாம். வலது கை வேலைக்கு வேண்டும் என்பதற்காக. எடக்கை அக்கா கையைப் படக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கையை மட்டும் விட்ருங்கம்மா. எனக்குச் சோறு போடுற கை இது."

"அப்ப தொடைலதான் போடணும். முடிஞ்சதும் மணிக்கணக்கா காலை அசைக்காம மல்லாந்து படுக்கணும். முடியுமா?"

"முடியும்," என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கணவர் தலையில் அடித்துக்கொண்டார். இந்த மனுஷி தூக்கத்தில்கூட அசையாமல் படுத்து அவர் பார்த்ததில்லை.

மயக்கம் கொடுக்கவில்லை. தொடை மடிப்பு மட்டும் மரத்துப்போனது. திரையில் அவள் உடம்புக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் கருப்பாக, கிளை கிளையாகத் தெரிந்தன. வெயிலில் கிடந்த பழைய டயரின் பக்கவாட்டில் விரிசல் ஓடுமே, அது போல. குழாய் டாக்டர் திரையைப் பார்த்தபடியே வேலை செய்துகொண்டிருந்தார். கடைசியில் பார்த்தபோது கட்டிகள் இருந்த இடத்தில் கிளைகள் தேய்ந்துபோய், அடிமரம் மட்டும் நின்றது.

பிறகு வலி வந்தது. வயிற்றைப் பிழிந்து முறுக்குகிற வலி. மருந்து ஏறிக்கொண்டிருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடந்தாள். காலை அசைக்கவில்லை. மீசை இதைப் பற்றி ஒன்றும் சொல்லவே இல்லையே என்று அவரை மனத்துக்குள் நன்றாகத் திட்டினாள். திட்டிக்கொண்டே படுத்திருந்ததில் நேரம் போயிற்று.

மறுநாள் வீட்டுக்கு வந்தாள். அண்ணி பார்க்க வந்தாள். புண்ணைப் பார்க்கத்தான். அந்த வீட்டில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் கட்டைப் பார்த்து, அளவைப் பார்த்து, அதற்கேற்ற மரியாதையைக் கொடுப்பதுதான் வழக்கம். கட்டு பெரிதென்றால் யாரும் கிட்டே சத்தம்கூடப் போட மாட்டார்கள். இங்கே ஒரு சின்ன பிளாஸ்திரி. அதைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்த அண்ணிக்கு முகமே சப்பென்று ஆகிவிட்டது.

"இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? கொசு கடிச்சா இதைவிடப் பெருசா வீங்குமே."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வந்த வினை அந்தச் சிரிப்பில்தான் இருந்தது. புண் சின்னது என்பதால் வீட்டில் ஒருவருக்கும் அவள் நோயாளி என்ற நினைப்பே வரவில்லை. அவளுக்கே வரவில்லை. வலி குறைந்தது, அடுப்படிக்குப் போனாள். இன்னும் குறைந்தது; துணி உலர்த்தினாள். பாரம் தூக்காதே என்று எழுதிக் கொடுத்த தாள் அலமாரியில் இருந்தது. ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தால் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தாளை நம்புவதா, கண்ணை நம்புவதா?

ஒரு காலை, கணவர் வேலைக்குப் போனதும் கடைப் பக்கம் போனாள். சும்மா உட்கார்ந்திருக்கத்தான். அண்ணிக்கு விடுமுறை நாள், அவளும் கூட வந்தாள். ஒரு கார்க்காரர் வந்து, பஞ்சரான சக்கரத்தைத் தானே கழற்றிப் போட்டார். சின்னச் சக்கரம், அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குனிந்து, தூக்கி, தொட்டி விளிம்பில் வைத்தாள்.

தொடை மடிப்பில் சுரீர் என்றது. கையை வைத்துப் பார்த்தாள். உடைக்கு மேலேயே தெரிந்தது, முட்டை அளவுக்கு ஒரு வீக்கம், தொட்டுக்கொண்டிருக்கும்போதே பெரிதானது.

"அண்ணி."

அந்தக் குரலை அண்ணி அதற்கு முன் கேட்டதே இல்லை. ஓடிவந்தாள். அலமாரித் தாளில் படித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது: வீங்கினால் படுக்க வைத்து அழுத்திப் பிடி, உடனே கூட்டி வா. ஈர விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து இறுகிப்போன கை அது. அவளைத் தரையில் சாய்த்து, உள்ளங்கையை வீக்கத்தின்மேல் வைத்து, மொத்த பாரத்தையும் இறக்கினாள். "வெல்டரு! வண்டியை எடுடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் கார்க்காரர் தன் காரின் ஒரு சக்கரம் தொட்டியில் கிடப்பதையும் மறந்துவிட்டு, "என் வண்டில போலாம் வாங்க," என்றார்.

வெல்டரின் வேனில் போகும் வழியெல்லாம் அண்ணி கையை எடுக்கவில்லை. திட்டுவதையும் நிறுத்தவில்லை. "கொசு கடின்னு சொன்ன என் வாய்ல அடிக்கணும். அதைக் கேட்டுக்கிட்டு ஆடின உன் கால்ல அடிக்கணும்."

எடக்கை அக்கா வேன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "சொல்யூஷன் ஈரமா இருக்கும்போதே ஒட்டை அமுக்கிட்டேன் அண்ணி," என்றாள். "ஊருக்கெல்லாம் காயட்டும் காயட்டும்னு சொல்லிட்டு."

ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ரத்தம் தோலுக்கடியில் கசிந்து கட்டிக்கொண்டிருந்தது; அதற்குள் கசிவு நின்றுவிட்டது; குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே செய்த வேலையும் அப்படியே இருந்தது. குழாய் டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "வெளில ஓட்டை சின்னது. உள்ள நடந்தது சின்னது இல்ல. இனிமே நான் சொல்றவரைக்கும் ஒரு பையைக்கூடத் தூக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் கத்தியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவளுடைய வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. உட்கார்ந்திருப்பது.

கடையைப் பூட்டவில்லை. கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பஸ் ஓட்டத் தெரியும். சக்கரம் கழற்றத் தெரியாது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் சொல்ல, அவர் கையால் செய்தார். கார்ச் சக்கரம், வேன் சக்கரம் எல்லாம் எப்படியோ ஓடிற்று. தொடை நீலம் பாரித்து, பச்சையாகி, மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அண்ணி வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டுக் காவல் இருந்தாள்.

அப்படி ஒரு மாலையில்தான் மீசையின் சிமென்ட் லாரி மூச்சிரைத்துக்கொண்டு வந்து நின்றது. பின்சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. "சரக்கு எறக்கணும்க்கா, அவசரம்! நீ கைய வெச்சாத்தான் இது கழலும்."

"வெக்க மாட்டேன்."

"புண்ணே இல்லன்னு சொன்னாங்களே?"

"உங்க நெஞ்சுல புண்ணு எங்க இருக்குன்னு காட்டுங்க, அப்புறம் என்னோடதைக் காட்டுறேன்."

மீசை சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சட்டைக் கையை மடித்தார். "நீ பாரம் தூக்காத, கம்பிய நான் பிடிக்கிறேன்," என்று கணவர் அவரைத் தள்ளிவிட்டார். கடைசியில் மீசையும் வெல்டரும் சேர்ந்து சக்கரத்தைக் கழற்றிச் சாய்த்தார்கள். நெம்புகம்பியைச் செருகினார்கள். டயர் அசையவில்லை. மூன்று பேரும் வலது கைக்காரர்கள். அவள் பழக்கி வைத்திருந்த கம்பி, சக்கரத்தைச் சாய்க்க அவள் போட்டு வைத்திருந்த மேடை, எல்லாமே இடது பக்கம் சாய்ந்தவை. கம்பி வழுக்கியது. மறுபடி வழுக்கியது. வெல்டரின் விரல்முட்டியில் தோல் உரிந்தது. எங்கே வைத்து நெம்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. இரண்டே நெம்பு. அவள் இடது கை காற்றில் எழுந்து தானாகவே பிடி பிடித்தது. நாற்காலியிலிருந்து உடம்பும் எழுந்தது.

அண்ணி அவளைத் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

எடக்கை அக்கா நின்றாள். பிறகு, கீழே கிடக்கிற ஒன்றை எடுக்காமல் விடுகிறவள் போல, மெல்ல உட்கார்ந்தாள். இடது கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"கம்பியை எடுங்க," என்றாள். "நட்டு ஓட்டைக்கு நேரா வைங்க. இல்ல, அந்தப் பக்கம். உங்க எடது பக்கம். மேல ஏறி நில்லுங்க, கையால அமுக்காதீங்க, ஒடம்பால அமுக்குங்க. இப்ப."

கழலவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. வெளிச்சம் மங்கியது, வெல்டர் விளக்கைப் போட்டான். மீசை சரக்கு இறக்குகிற இடத்துக்குப் போன் போட்டு, யாரிடமோ கெஞ்சினார். அவள் எழுந்திருக்கவில்லை. ஒருவழியாக டயர் 'டப்' என்று விட்டுக்கொடுத்தபோது மூன்று ஆண்களும் குழந்தைகள் போலக் கத்தினார்கள்.

டியூபைத் தொட்டியில் அமுக்கினார்கள். குமிழ் வந்தது. "கெடச்சாச்சு!" என்று கணவர் வெளியே எடுக்கப் போனார்.

"சுத்து முழுசும்," என்றாள் அவள்.

முகத்தைச் சுளித்துக்கொண்டே திருப்பினார். கிட்டத்தட்டக் கடைசியில், பொடியாக, ஒன்றன்பின் ஒன்றாக, இன்னொரு இடத்திலிருந்து குமிழ்கள் வந்தன. கணவர் அங்கேயும் சாக்பீஸால் வட்டம் போட்டார். சொல்யூஷன் தடவிய பிறகு மீசை ஒட்டை எடுக்கக் கையை நீட்டினார். அண்ணிதான் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "காயட்டும்யா."

எடக்கை அக்கா கம்பியை மறுபடி தொட்டது வெகுநாள் கழித்து, குழாய் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். ஸ்கேனில் கட்டிகள் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன. முழுதாகப் போகவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. மாதவிடாய் சாதாரணமாகிவிட்டது, ரத்தம் ஏறிவிட்டது, மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. அடுத்த வருடமும் வந்து பார்க்க வேண்டும் என்றார். "வர்றேன் டாக்டர். வராம விடுவேனா?" என்றாள். திரும்பும் வழியில் டாக்டரம்மாவையும் பார்த்து, வந்து படுக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று என்று சொல்லிவிட்டு வந்தாள். வரிசையில் நிற்கும் பெண்களிடம் இப்போது எல்லா வழிகளையும் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறாராம் அந்த அம்மா, நர்ஸ் சொன்னாள்.

அண்ணி இப்போது இரண்டு ஆபரேஷன் கதை சொல்கிறாள். முதல் கதையில் தழும்பு ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் நீள்கிறது. இரண்டாவது கதையில் துளை ஒவ்வொரு தடவையும் சுருங்குகிறது; கடுகிலிருந்து ஊசி முனைக்கு வந்துவிட்டது. "ஆனா உள்ள நடந்தது சின்னது இல்ல, தெரிஞ்சுக்க," என்று முடிப்பாள், ஏதோ அவளே குழாயை விட்டது போல.

ஒரு நாள் அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடை வாசலில் ஒரு லாரிச் சக்கரம் சாய்ந்து கிடந்தது. எடக்கை அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டு, நெம்புகம்பியை இடது கையில் எடுத்தாள். நட்டு ஓட்டைக்கு நேராக வைத்தாள். ஒரு நெம்பு. இன்னொன்று.

டயர் கழன்றது.